மலை மேல் டிஜிட்டல் கவர்னர்: உட்வர்டு 505-ஆ, பீக் 200-ஆ, எங்கே வைப்பது?

நீலகிரியில் டர்பைன் என்றால் பைக்காராவும் குந்தாவும்தான் முதலில் நினைவுக்கு வரும். இரண்டும் தண்ணீரில் ஓடுபவை. நீராவி டர்பைன் இங்கே அரிது. ஆனால் பாய்லர் வைத்திருக்கும் எந்த ஆலைக்கும் ஒரு கணக்கு உண்டு. 10 பாரில் நீராவியை உண்டாக்கி, அழுத்தம் குறைக்கும் வால்வு வழியாக 3 பாருக்கு இறக்கிப் பயன்படுத்துகிறோம். நடுவில் ஒரு சிறிய பேக் பிரஷர் டர்பைன் இருந்தால் அதே நீராவி ஒரு பம்பையோ ஃபேனையோ ஓட்டிவிட்டுத்தான் கீழே போகும். அந்த ஆலையில் கரைப்பான் புழங்கினாலோ நீலகிரித் தைலம் வடித்துச் சுத்தம் செய்தாலோ, டர்பைனும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பெட்டியும் பற்றக்கூடிய ஆவி வரும் இடத்தில் நிற்க நேரிடும். அந்த இடத்துக்கு எந்தக் கவர்னரை வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்பதுதான் இங்கே பேச்சு.

முடிவை முதலில் சொல்லிவிடலாம். ஒற்றை வால்வு டர்பைன், ஒரே ஒரு பம்ப், பக்கத்தில் நின்று ஓட்டும் ஆள் என்றால் உட்வர்டின் பீக் 200, அதிலும் அபாயப் பகுதிக்கென்று வரும் ஹாஸ் வகை. ஜெனரேட்டர் ஓட்டுவது, நடுவில் நீராவி எடுக்கும் எக்ஸ்ட்ராக்‌ஷன் டர்பைன், வெளியேறும் நீராவியின் அழுத்தத்தை (பேக் பிரஷரை) ஒரே அளவில் பிடித்து நிறுத்த வேண்டிய இடம் என்றால் 505 வரிசை. ஆனால் அதை டர்பைன் அருகே கொண்டுபோகாமல் பாதுகாப்பான கன்ட்ரோல் ரூமில் வையுங்கள். இரண்டில் எதை வாங்கினாலும் பெட்டி அநேகமாக ஒழுங்காகவே வேலை செய்யும். கோளாறு வருவது அதிலிருந்து கிளம்பும் ஒயரிலும், கேபிள் நுழையும் கிளாண்டிலும், நீராவி வால்வை அசைக்கும் லிங்கேஜிலும்தான். ஊட்டி உயரத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அது காற்றழுத்தம்.

உட்வர்டு 1870-இல் நீர்ச்சக்கரத்துக்குக் கவர்னர் செய்து தொடங்கிய அமெரிக்க நிறுவனம். நம் ஊர் ஆலைகளில் பழைய டர்பைன்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் டிஜி-13 என்ற இயந்திர–ஹைட்ராலிக் கவர்னரும் அவர்களுடையதே. டிஜி-13-ஐ மாற்றித்தான் பலர் டிஜிட்டலுக்கு வருகிறார்கள். ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு கவர்னர்களை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கும் நேமா எஸ்எம் 23 என்ற அமெரிக்கத் தரத்தைக் காட்டலாம். ஏ வகுப்புக் கவர்னருக்குச் சுமையில்லாத நிலைக்கும் முழுச் சுமைக்கும் இடையே வேகம் 10 சதவீதம் வரை மாறலாம். டி வகுப்புக்கு 0.5 சதவீதம்தான். சுமை திடீரென்று அறுந்தால் ஏ வகுப்பில் வேகம் 13 சதவீதம் வரை எகிறலாம், டி வகுப்பில் 7. பம்ப் ஓட்ட ஏ வகுப்பே போதும் என்று சொல்லும் இடங்களும் உண்டு, சொல்வதில் தவறில்லை. ஆனால் பழைய கவர்னருக்கு உதிரி தேடி அலையும் நிலை வந்துவிட்டால், அதே வகையை மறுபடி வாங்குவதை விட டிஜிட்டலுக்குப் போவதே மேல்.

பீக் 200, பழைய பீக் 150-இன் இடத்துக்கு வந்தது. சிறிய, ஒற்றை வால்வு டர்பைனுக்கென்றே செய்தது. திரையும் பொத்தான்களும் தூசி–தண்ணீர் புகாத தன் பெட்டியிலேயே இருப்பதால் டர்பைன் அருகே சுவரில் மாட்டிவிடலாம். செய்ய வேண்டியது குறைவு, குழப்பமும் குறைவு. இரவு ஷிப்டில் தனியாக இருப்பவருக்கும் புரியும். 505 வேறு ரகம். வேகக் கட்டுப்பாட்டோடு அழுத்தம் போன்றவற்றையும் பிடித்து நிறுத்தும் காஸ்கேட், ஆக்சிலரி என்று கூடுதல் கட்டுப்பாட்டு லூப்புகள், தானாகவே ஐடில் வேகத்திலிருந்து முழு வேகத்துக்கு ஏற்றும் வரிசை, ஆபத்தான அதிர்வு வேகங்களில் நிற்காமல் கடந்துபோகும் வசதி, எதனால் டிரிப் ஆனது, அதாவது பாதுகாப்புக்காகத் தானே நின்றது என்று முதல் காரணத்தைப் பிடித்து வைக்கும் பதிவு என்று நிறைய இருக்கிறது. இதில் கடைசியாகச் சொன்னது ஒன்றே பாதி விலைக்குச் சமம். டிரிப் ஆனபின் ஆளுக்கொரு காரணம் சொல்லும் விவாதம் அதோடு முடிந்துவிடும். எக்ஸ்ட்ராக்‌ஷன் டர்பைனுக்குப் பழைய வரிசையில் 505-இ என்று தனியாகவே இருந்தது. ஒற்றை பம்புக்கு 505 வாங்குவது, கோத்தகிரிக்குக் காய்கறி ஏற்றப் பன்னிரண்டு சக்கர லாரி பிடிப்பது போல.

இனி இடம். வாங்கும் ஆணை எழுதுவதற்கு முன் மேசையில் இருக்க வேண்டிய முதல் தாள் பகுதிப் பிரிவு வரைபடம். எங்கே சோன் 1 (வழக்கமான ஓட்டத்திலேயே பற்றக்கூடிய ஆவி வரக்கூடிய இடம்), எங்கே சோன் 2 (எப்போதாவது, சிறிது நேரம் மட்டும் வரக்கூடிய இடம்), எது பாதுகாப்பான இடம் என்பதை ஐஎஸ் 5572 வழியே வகுத்த வரைபடம். அது இல்லாமல் விற்பனையாளரிடம் போனால் அவர் சோன் 2 சான்றிதழைக் காட்டுவார், நாமும் தலையாட்டுவோம். பீக் 200 ஹாஸும் 505-உம் சோன் 2-க்கு உரிய பொருட்கள். சோன் 1-இல் இவற்றை அப்படியே வைக்க முடியாது. சோன் 1-இல்தான் வைத்தாக வேண்டும் என்றால் உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத ஃபிளேம்ப்ரூஃப் பெட்டி அல்லது காற்றழுத்தம் கொடுத்த பேனல் என்று செலவு வேறு தளத்துக்குப் போகிறது. அழுத்தம் கொடுத்த பேனலுக்குள் எந்நேரமும் குறைந்தது 50 பாஸ்கல் கூடுதல் அழுத்தம் நிற்க வேண்டும். காற்றைப் பாதுகாப்பான இடத்திலிருந்து எடுக்க வேண்டும். அது உலர்ந்த காற்றாகவும் இருக்க வேண்டும். ஊட்டி மூடுபனியில் டிரையர் இல்லாத கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றை கவர்னர் பேனலுக்குள் விடுவது தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

பெயர்ப் பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்வது அவசியம். ‘ஐஐபி டி4 ஜிசி’ என்று இருந்தால்: வாயுக் குழு ஐஐபி, மேற்பரப்பு 135 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகாது, கடைசியில் உள்ள ஜிசி என்பது சோன் 2-க்கு மட்டும். சோன் 1-க்கு ஜிபி என்று இருக்க வேண்டும். ஹைட்ரஜனோ அசிட்டிலீனோ இருந்தால் குழு ஐஐசி. சான்றிதழ் எண்ணின் கடைசியில் ‘எக்ஸ்’ என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சிறப்பு நிபந்தனை உண்டு என்று பொருள். அந்த நிபந்தனை சான்றிதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். சோன் 2 மின்னணுப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் தூசியையும் நீர்த் தெறிப்பையும் தடுக்கும் ஐபி54 உறைக்குள் வைக்க வேண்டும் என்றோ, மின்னழுத்தத் துள்ளலைத் தடுக்கும் ஏற்பாடு வெளியே வேண்டும் என்றோ எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பொருத்தினால் கையில் இருப்பது வெறும் தாள். ஐரோப்பிய ஏடெக்ஸ் சான்று மட்டும் இருந்தால் இந்தியாவில் போதாது. பெட்ரோலிய விதிகளுக்குள் வரும் இடமென்றால் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதலையும் கேட்டு வாங்குங்கள்.

அருவங்காட்டில் நூறாண்டுக்கும் மேலாக வெடிமருந்துத் தொழிற்சாலை இருப்பதால் ‘அங்கே வைப்பதையே இங்கேயும் வைக்கலாம்’ என்ற பேச்சு இந்த வட்டாரத்தில் சகஜம். அந்த ஒப்பீடு செல்லாது. இந்தச் சான்றுகளுக்கு அடிப்படையான ஐஈசி 60079 வரிசைத் தரங்கள் வாயு, ஆவி, தூசி கலந்த காற்றுக்கானவை. வெடிமருந்து தயாரிக்கும் இடம் அவற்றின் எல்லைக்கு வெளியே. அதற்குத் தனி விதிகள் இருக்கின்றன.

உயரத்துக்கு வருவோம். இந்த மதிப்பீட்டில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பத்தியை மறக்க வேண்டாம். ஐஈசி 60079-0 தரத்தில், சான்று எந்தச் சூழலுக்கு என்று சொல்லியிருக்கிறது: காற்றழுத்தம் 80 முதல் 110 கிலோ பாஸ்கல் வரை. மேட்டுப்பாளையத்தில் சுமார் 97. குன்னூர், 1,850 மீட்டர் உயரத்தில் சுமார் 81. எல்லைக்குள்தான், ஆனால் விளிம்பில். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே 77, 78 என்றுதான் வரும். அதாவது குன்னூரில் சரியாக இருக்கும் அதே பெட்டி, ஒரு மணி நேரம் மேலே ஏறி ஊட்டிக்குப் போனதும் சான்று சொல்லும் சூழலுக்கு வெளியே நிற்கிறது. இதனால் ஊட்டியில் வைக்கவே கூடாது என்றில்லை. தயாரிப்பாளரிடம் ‘2,240 மீட்டர் உயரத்தில், இந்த அழுத்தத்தில் பொருந்துமா’ என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். வாய்மொழிப் பதில் பரிசோதகர் முன்னால் நிற்காது. மின்னணுப் பொருட்களின் காப்பு இடைவெளியையும் பொதுவாக 2,000 மீட்டர் வரைக்கே கணக்கிடுகிறார்கள். அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

அழுத்தம் குறைவது திரவத்தையும் மாற்றுகிறது. கடல் மட்டத்தில் அளந்த தீப்பற்று நிலை மலையில் அப்படியே இருக்காது. பரிசோதனைச் சாலைகள் பயன்படுத்தும் திருத்தக் கணக்கில் ஒவ்வொரு கிலோ பாஸ்கல் குறைவுக்கும் கால் டிகிரி. ஊட்டிக்குச் சுமார் 6 டிகிரி. நீலகிரித் தைலத்தின் தீப்பற்று நிலை 49 டிகிரி என்று புட்டியில் போட்டிருந்தால், ஊட்டியில் 43 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவி கிளம்பும். பாய்லர் ஹவுஸ் ஓரத்தில் 43 டிகிரி என்பது பெரிய வெப்பமே இல்லை. சமவெளிக்காக வரைந்த பகுதிப் பிரிவு வரைபடத்தைப் பெயர் மாற்றி இங்கே ஒட்டுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்தே புரியும்.

குளிர் ஊர்தானே, வெப்பம் பற்றி என்ன கவலை என்று நினைக்கவும் கூடாது. பெயர்ப் பலகையில் தனியாகக் குறிப்பு இல்லையென்றால் சுற்றுப்புற வெப்பம் மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைக்கே சான்று. டர்பைன் கேசிங்கிலிருந்து ஒரு முழம் தள்ளி வெப்பமானியை மாட்டிப் பாருங்கள். வெளியே 12 டிகிரி இருக்கும் நாளிலும் அங்கே 45, 50 காட்டும். காற்று மெலிந்திருப்பதால் ஃபேன் இல்லாத பெட்டி தன் சூட்டை வெளியேற்றுவதும் மெதுவாகிறது. பீக் 200-ஐச் சுவரில் மாட்டும்போது கேசிங்குக்கு நேர் மேலே மாட்டாமல், வாசல் பக்கமோ ஜன்னல் பக்கமோ தள்ளி மாட்டுவது இதற்காகத்தான்.

டர்பைனின் சொந்தச் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். 10 பார் கேஜ் அழுத்தத்தில் நிறைவுற்ற நீராவி சுமார் 184 டிகிரி. டைஎத்தில் ஈதர் தானாகப் பற்றிக்கொள்வது சுமார் 175 டிகிரியில். அப்படியென்றால் காப்பு உரிந்த ஓர் அடி நீராவிக் குழாயே அங்கே தீப்பொறிக்கு நிகர். எந்தக் கவர்னர் சான்றும் அதைக் காப்பாற்றாது. ஈதர் இருக்கும் இடத்தில் நீராவி டர்பைனே வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு. அசிட்டோன், எத்தனால் போன்றவற்றுக்கு அந்த வெப்பம் தானாகப் பற்றவைக்காது. ஹெக்சேன் 225 டிகிரி அளவில் பற்றும். சூப்பர் ஹீட் செய்த நீராவி என்றால் அதற்கும் காப்பு முழுமையாக இருக்க வேண்டும்.

பொருத்தும் வேலையில் முதலில் வேக உணரி. மேக்னடிக் பிக்கப் என்பது ஒரு காந்தமும் கம்பிச்சுருளும்தான்; மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை, தானே மின்னழுத்தம் உண்டாக்கும். ‘பேட்டரியே இல்லாத பொருளுக்குச் சான்று எதற்கு’ என்று சொல்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். 1.5 வோல்ட், 100 மில்லி ஆம்ப், 25 மில்லி வாட் என்ற மூன்று எல்லைக்குள் இருக்கும் பொருள்தான் சான்றில்லாத எளிய பொருளாகக் கணக்கில் வரும். முழு வேகத்தில் பிக்கப் பல வோல்ட் கொடுக்கும். ஆகவே சான்று உள்ள பிக்கப்பையே வாங்க வேண்டும்.

அதைப் பொருத்தும் விதம்: பல்சக்கரத்தின் ஒரு பல் துளைக்கு நேராக வரும்படி ரோட்டரைக் கையால் திருப்பி நிறுத்துங்கள். பள்ளம் நேராக இருக்கும்போது பிக்கப்பை இறக்கினால் அடுத்த சுற்றில் பல் வந்து முனையை உடைத்துவிடும். புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு இதுவே. பல் மேல் மெதுவாகத் தொடும் வரை கையால் இறக்கி, பிறகு முக்கால் சுற்று வெளியே எடுங்கள். 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை என்ற வழக்கமான பிக்கப்பில் ஒரு சுற்று 1.41 மில்லி மீட்டர். முக்கால் சுற்று என்றால் இடைவெளி சுமார் 1.06. அரைச் சுற்று என்றால் 0.7. லாக் நட்டை இறுக்கும்போது பிக்கப் கூடவே திரும்பிவிடும். ஒரு கையால் ஸ்பானரில் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும். இறுக்கியபின் ரோட்டரை ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று காதால் கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு பிக்கப் வைப்பதே முறை; 505 இரண்டில் அதிகமாக வருவதை எடுத்துக்கொள்ளும்.

60 பல் சக்கரம் என்றால் கணக்கு சுலபம்: 3,000 ஆர்பிஎம்முக்கு 3,000 ஹெர்ட்ஸ். பல் எண்ணிக்கையைத் தவறாகப் பதிந்தால் பாதிப்பு எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். 60-க்குப் பதில் 61 என்று அடித்துவிட்டால் திரை 3,000 காட்டும்போது ரோட்டர் 3,050-இல் ஓடும்; வேகம் மிஞ்சினால் நிறுத்தும் கவர்னரின் உள் ஓவர்ஸ்பீடு டிரிப்பும் அதே பொய்க் கணக்கில் தாமதமாகவே விழும். பல்லைச் சாக்கட்டியால் குறியிட்டு எண்ணுங்கள். கை டாக்கோமீட்டரால் சரிபார்க்கலாம், ஆனால் அது பேட்டரியில் ஓடும் சாதாரணக் கருவி. வாயு அளந்து பெர்மிட் வாங்கிய பிறகே உள்ளே கொண்டுபோக வேண்டும்.

பிக்கப் சோன் 1-இலும் கவர்னர் கன்ட்ரோல் ரூமிலும் இருந்தால் நடுவில், அபாயப் பகுதிக்குள் போகும் மின்சக்தியை மட்டுப்படுத்தும் பாரியர் வரும். ஜீனர் பாரியருக்குத் தனி எர்த் தேவை. பாரியர் பட்டையிலிருந்து முக்கிய எர்த் புள்ளி வரை 1 ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பாறை மண்ணில் 1 ஓம் எர்த் பிட் எப்படி வரும் என்று பலர் மலைத்து நிற்கிறார்கள். அளக்க வேண்டியது மண்ணின் தடையை அன்று. பட்டையிலிருந்து எர்த் புள்ளி வரை போகும் செம்புக் கம்பியின் தடையை. 4 சதுர மில்லி மீட்டர் ஒற்றைக் கம்பி, அல்லது 1.5-இல் இரண்டு தனித்தனிக் கம்பி. இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் நேரடி மின்தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும் கால்வானிக் ஐசொலேட்டர் வாங்கலாம். இடி மின்னல் மிகுந்த இந்த மலையில் எங்கள் ஓட்டும் அதற்கே. ஆனால் 4–20 மில்லி ஆம்புக்குச் செய்த ஐசொலேட்டரை வேக உணரிக்குப் போடக்கூடாது. அது 3,000 ஹெர்ட்ஸ் சிக்னலை வடிகட்டி விழுங்கிவிடும். அதிர்வெண்ணுக்கென்றே உள்ள வகையைக் கேளுங்கள். வேகத்தை 4–20 ஆக மாற்றி அனுப்பும் கன்வர்ட்டர் இன்னும் மோசம். அது சேர்க்கும் தாமதத்தால் கவர்னர் எப்போதும் ஒரு கணம் பின்தங்கியே வால்வைத் திருப்பும். பாரியருக்குப் பின்னும் கவர்னருக்கு 1 வோல்ட் ஆர்எம்எஸ் வந்து சேருகிறதா என்று ஐடில் வேகத்திலேயே அளந்து பாருங்கள். முழு வேகத்தில் வருவது ஐடிலில் வராமல் போகலாம். அப்போது ஸ்டார்ட் ஆகும்போதே வேக சிக்னல் இல்லை என்று டிரிப் ஆகும்.

கவர்னரின் கட்டளைப்படி வால்வை அசைக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் வழி வேறு. பழைய வகைகள் பல 20–160 மில்லி ஆம்பில் ஓடுபவை. பாரியரின் தடை சுமார் 300 ஓம் என்று வைத்துக்கொண்டால் 160 மில்லி ஆம்புக்கு 48 வோல்ட் அதிலேயே போய்விடும். பற்றவைக்க முடியாத அளவு குறைந்த மின்சக்தியில் ஓட்டும் இன்ட்ரின்சிக் சேஃப்டி வழியாக இதை ஓட்ட முடியாது. ஃபிளேம்ப்ரூஃப் ஆக்சுவேட்டரே ஒரே வழி. 4–20 ஆக்சுவேட்டர் என்றால் இழப்பு 6 வோல்ட்தான், அநேகமாகச் சமாளிக்கலாம். ஆணை எழுதும்போது ‘ஆக்சுவேட்டர் எத்தனை மில்லி ஆம்ப், எந்த சோன்’ என்ற இரண்டையும் ஒரே வரியில் எழுதாததால்தான் பெட்டி வந்து இறங்கியபின் பொருந்தாமல் போகிறது.

ஒயரிங்கில் ஷீல்டை ஒரு முனையில் மட்டும், கவர்னர் பக்கத்தில் எர்த் செய்யுங்கள். மறுமுனையை டேப் சுற்றி விட்டுவிடுங்கள். இன்ட்ரின்சிக் சேஃப் டெர்மினல்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையே 50 மில்லி மீட்டர் இருக்கட்டும். ஃபிளேம்ப்ரூஃப் பெட்டியில் பயன்படாத துளையைப் பிளாஸ்டிக் மூடியால் அடைப்பது எங்கும் காணும் குற்றம். சான்று பெற்ற உலோகப் பிளக்தான் போட வேண்டும். கிளாண்டின் மரை குறைந்தது ஐந்து முழுச் சுற்று உள்ளே போக வேண்டும். மூடியின் இணைப்பு முகத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள், சிலிகான் பூசாதீர்கள். இறுகிப்போகாத கிரீஸ் மெல்லியதாகப் போதும். இணைப்பு முகத்துக்கு எதிரே சுவரோ குழாயோ நெருங்கி இருக்கக்கூடாது: வாயுக் குழு ஐஐஏ-வுக்கு 10 மில்லி மீட்டர், ஐஐபி-க்கு 30, ஐஐசி-க்கு 40. மலையைக் குடைந்து கட்டிய குறுகலான பாய்லர் ஹவுஸ்களில் இந்த 30 மில்லி மீட்டர் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பெட்டியைத் திருப்பி மாட்டினாலே சரியாகிவிடும் இடங்களும் உண்டு. மூடியில் பத்து போல்ட் என்றால் பத்தும் இருக்க வேண்டும்.

மூடுபனி தனிக் கதை. இரவில் டர்பைன் நின்றதும் பெட்டி குளிர்ந்து, ஈரக் காற்றைக் கிளாண்ட் வழியே உறிஞ்சும். காலையில் டெர்மினலில் முத்து முத்தாக நீர். கேபிள் கீழிருந்து நுழையட்டும், நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். ஈரத்தை வெளியேற்றும், சான்று பெற்ற பிரீதர் டிரெயின் போடுங்கள். சாதாரணத் துளை போட்டால் அந்த நிமிடமே சான்று போய்விட்டது.

எண்ணெய்க்கும் குளிர் பிடிக்கும். விஜி 32 எண்ணெய் 40 டிகிரியில் இருப்பதைப் போல நான்கைந்து மடங்கு கெட்டியாக இருக்கும் 10 டிகிரியில். ஜனவரி காலையில், தாவரவியல் பூங்காப் புல்லில் உறைபனி படியும் நாட்களில், ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் சோம்பலாக நகர்வதற்குக் கவர்னரைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணெய் சூடாகும் வரை வேகத்தை ஏற்றாதபடி ஒரு இன்டர்லாக் போடுவது மலிவான மருந்து.

ஹன்ட்டிங் என்று நாம் சொல்லும் வேக ஊசலாட்டத்துக்கும் இதே பேச்சுதான். வேகம் ஏறி இறங்கினால் உடனே கவர்னர் எப்படி எதிர்வினை செய்யும் என்று தீர்மானிக்கும் பிஐடி எண்களை மாற்றக் கை போகும். முதலில் லிங்கேஜைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பின்னில் தேய்மானம், ராட் எண்டில் ஆட்டம், பாய்லர் நீர் நீராவியோடு வந்து வால்வுத் தண்டில் படிந்த உப்பு. ஊசலாட்டத்தில் பெரும்பகுதி இவற்றால் வருவதே. டர்பைன் நிற்கும்போது, நீராவி மூடிய நிலையில், கவர்னரிலிருந்து 0, 25, 50, 75, 100 சதவீதம் என்று கட்டளை கொடுத்து வால்வுத் தண்டின் நகர்வை டயல் கேஜில் ஏறும்போதும் இறங்கும்போதும் எழுதுங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே வித்தியாசம் பெரிதாக இருந்தால் பழுது இயந்திரத்தில் இருக்கிறது. எண்ணை மாற்றி அதை மறைக்க முடியாது. சுமையில்லாத நிலையிலிருந்து முழுச் சுமை வரை ஆக்சுவேட்டர் நகர்வில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செலவாகக்கூடாது. மீதி, வால்வு முழுக்க மூடவும் முழுக்கத் திறக்கவும் கையிருப்பு. மூடும் பக்கம் கையிருப்பு இல்லாத லிங்கேஜோடு டர்பைனை ஓட்டவே கூடாது.

ஓவர்ஸ்பீட் டிரிப் கவர்னருக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லித் தனிப் பாதுகாப்பை விட்டுவிடும் பேச்சை ஏற்கவே முடியாது. வேகத்தைப் பிடிக்கத் தவறிய அதே பெட்டியை நம்பி உயிரைக் கொடுக்க முடியாது. வேகம் மிஞ்சினால் வெளியே தள்ளி டர்பைனை நிறுத்தும் இயந்திர போல்ட்டோ, மூன்று உணரிகளில் இரண்டு ஒத்துச் சொன்னால் நிறுத்தும், ஏபிஐ 670 சொல்லும் மூன்றில் இரண்டு வாக்கு முறையோ, தனி பிக்கப்போடு தனியாக இருக்க வேண்டும். காரணம் எளிய கணக்கில் தெரியும். முழு முறுக்குவிசையில் 6 விநாடியில் முழு வேகம் எட்டும் ரோட்டர், சுமை அறுந்தால் 10 சதவீதம் ஏற 0.6 விநாடி போதும். மனிதக் கை அதற்குள் எதையும் பிடிக்காது. டிரிப் சொலினாய்டு, மின்சாரம் போனால் டிரிப் ஆகும் விதத்தில் இருக்கட்டும்.

அழுத்த அமைப்புகளில் மலைக்குரிய பிழை ஒன்று. கண்டென்சர் உள்ள டர்பைனில் 0.1 பார் முழு அழுத்தம் (முழு வெற்றிடத்திலிருந்து அளப்பது) என்பது சமவெளியில் வெற்றிட கேஜில் 685 மில்லி மீட்டர் பாதரசம் காட்டும். ஊட்டியில் அதே கண்டென்சர், அதே நல்ல நிலையில், 505 மில்லி மீட்டர்தான் காட்டும். சமவெளி ஆலையின் அமைப்புத் தாளைப் பார்த்து 600-இல் அலாரம் வைத்தால் டர்பைன் ஒருநாளும் கிளம்பாது. ‘கவர்னர் ஸ்டார்ட் அனுமதி தர மறுக்கிறது’ என்று புகார் வரும். பழி கவர்னர் மேல். முழு அழுத்தம் காட்டும் டிரான்ஸ்மிட்டரை வாங்குங்கள், இந்தக் குழப்பமே வராது.

பொருத்தி முடித்ததும் ஐஈசி 60079-17 முறைப்படி ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்க்கும் முழுமையான முதல் பரிசோதனை; அதன்பின் மூன்றாண்டுக்கு மிகாத இடைவெளியில் தொடர் பரிசோதனை. மூடுபனி வாட்டும் இடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் செய்வது நல்லது. சோன் 2-இல் நிற்கும் பெட்டியின் சர்வீஸ் போர்ட்டில் மடிக்கணினியைச் சொருகுவதும், மின்சாரம் இருக்கையில் கனெக்டரைப் பிடுங்குவதும் வாயு அளந்து பெர்மிட் எழுதியபின் மட்டுமே. 505 கன்ட்ரோல் ரூமில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதை அங்கே வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது சேர்த்துக் கேட்க வேண்டியவை: சான்றிதழின் முழு நகல், உயரம் பற்றிய கடிதம், ஒரு உதிரி பிக்கப், அமைப்புக் கோப்பின் நகல். கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று ஆலைக்கு வெளியே. கோயம்புத்தூரிலிருந்து சர்வீஸ் பொறியாளர் கிளம்பினாலும், மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் அன்று வந்து சேர மாட்டார். உதிரி பிக்கப் அலமாரியிலும் கோப்பு கையிலும் இருந்தால் ஷிப்ட் எலக்ட்ரீஷியனே மாற்றிவிடலாம்: பல்லை நேராக நிறுத்து, தொடும் வரை இறக்கு, முக்கால் சுற்று வெளியே எடு.